திருவூறல் முதல் சாராய ஊறல் வரை

அரக்கோணத்துக்கு அருகே உள்ள தக்கோலத்தைப் பலரும் 949-ஆம் ஆண்டுப் போரால் அறிவார்கள். இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் படையை எதிர்த்து நின்ற சோழ இளவரசன் இராசாதித்தன் மாண்ட களம் அது. 'ஆனைமேல் துஞ்சின தேவர்' என்று பிற்காலம் அவனை நினைவுகூர்ந்தது. சைவர்கள் அதே ஊரை வேறு பெயரால் அறிவார்கள்: திருவூறல். ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடிய பதிகம் முதல் திருமுறையில் இருக்கிறது. அங்குள்ள சோழர் காலக் கல்வெட்டுகள் இறைவனைத் திருவூறல் மகாதேவர் என்றே குறிக்கின்றன. இன்றைய பெயர் ஜலநாதேஸ்வரர்.

நந்தியின் வாயிலிருந்து நீர் ஊறி வந்ததால் ஊறல் என்ற பெயர் வந்தது என்கிறது தலபுராணம். தக்கன் ஓலமிட்ட இடம் தக்கோலம் என்றும் அதே புராணம் சொல்கிறது. இரண்டாவதை என்னால் ஏற்க முடியவில்லை. தக்கோலம் என்பது வெற்றிலையோடு சேரும் ஐந்து முகவாசங்களில் ஒன்றின் பெயர். அந்தச் சொல் இருக்கும்போது ஓலத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஆனால் ஊறல் என்ற பெயருக்குப் புராணத்தின் துணை வேண்டாம். தரையிலிருந்து நீர் கசிந்து வரும் இடத்துக்குத் தமிழன் வேறென்ன பெயர் வைப்பான்?

தக்கோலம் முன்பு வட ஆற்காட்டிலும் பிறகு வேலூர் மாவட்டத்திலும் இருந்தது. 2019 முதல் இராணிப்பேட்டை மாவட்டத்தைச் சேர்ந்தது. இதே வட்டாரத்தின் நாளிதழ்ப் பக்கங்களில் ஊறல் என்ற சொல் அடிக்கடி வரும். பதிகத்தில் வரும் பொருளில் இல்லை. அணைக்கட்டுப் பக்கத்து அல்லேரி மலையிலோ, வாணியம்பாடிக்கு மேலே ஆந்திர எல்லையில் உள்ள மாதகடப்பாவிலோ போலீசார் தேடுதல் வேட்டை நடத்தி, பேரல்களில் கிடந்த சாராய ஊறலைத் தரையில் கொட்டி அழித்தார்கள் என்ற செய்தியாக வரும். கோயில் கொண்ட ஊறலும் கொட்டி அழிக்கப்படும் ஊறலும் ஒரே சொல்தான். இடையில் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும்.

முதலில் வேர். ஊறு என்ற வினை தென்னிந்திய மொழிகள் பலவற்றிலும் இருக்கிறது. தெலுங்கின் ஊரகாயவும் நம் ஊறுகாயும் உடன்பிறந்தவை. இடையூறு, ஊறுபாடு என்பவற்றில் உள்ள ஊறு இதுவன்று. அது உறு என்ற வினையிலிருந்து பிறந்த வேறு சொல், தொடுவதும் தீண்டித் துன்புறுத்துவதும் அதன் பொருள். இரண்டையும் குழப்பிக்கொண்டு எழுதப்பட்ட விளக்கங்களைப் பார்த்திருப்பதால் சொல்கிறேன்.

நீர் கசியும் இந்த ஊறுவில் ஒரு வியப்பு இருக்கிறது. மணலில் நீர் ஊறுகிறது என்றால் உள்ளிருந்து வெளியே வருகிறது. உளுந்து ஊறுகிறது என்றால் நீர் வெளியிலிருந்து உள்ளே போகிறது. எதிரெதிரான இரண்டு திசைகளுக்கும் தமிழ் ஒரே வினையைப் போதும் என்று வைத்திருக்கிறது. வள்ளுவர் கல்வி அதிகாரத்தில் மணற்கேணிக்கு இதை எடுத்தார்; காமத்துப்பாலில் காதலியின் பல்லிடை நீருக்கும் இதையே எடுத்தார். இவை எல்லாவற்றுக்கும் பொதுவானது திசையன்று, காலம். ஊறுவது மெல்ல நடக்கும், தானே நடக்கும், பார்த்துக்கொண்டிருக்கையில் நடப்பது தெரியாது. மாறு, மாற்று ஆவதுபோல ஊறு, ஊற்று ஆகும்போது மனிதக் கை உள்ளே வந்துவிடுகிறது. உடனே வேகமும் வந்துவிடுகிறது. ஊற்றுவதற்கு ஒரு நொடி போதும். ஊறுவதற்கு ஓர் இரவு வேண்டும். நெடுநாள் பழக்கத்தில் தேறிய ஆளை 'ஊறின மட்டை' என்று சொல்வதிலும் இந்தக் காலக்கணக்குதான் இருக்கிறது.

இந்தச் சொல் வேலூர்ப் பக்கத்தில் தழைத்ததற்கு ஆறு ஒரு காரணம். பாலாறு கர்நாடகத்தின் நந்தி மலைப் பக்கம் பிறந்து வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், இராணிப்பேட்டை வழியாகப் போகிறது. ஆண்டின் பெரும்பகுதியில் மேலே மணல்தான் தெரியும். நீர் அடியில் ஓடும். அந்த மணலைக் கீறி, ஊறும் நீரைத் திரட்டி வயலுக்குக் கொண்டுபோகும் ஊற்றுக்கால்வாய்கள் இந்த வட்டாரத்தின் பழைய பாசனமுறை. ஆற்றின் போக்கை மறிக்கும் அணையைவிட, அடியில் ஊறுவதைப் பொறுமையாகச் சேர்க்கும் கால்வாய்தான் பல ஊர்களுக்குச் சோறு போட்டது.

தோல் தொழிலும் அந்த நீரை நம்பித்தான் பாலாற்றங்கரையில் உட்கார்ந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை எங்கும் டேனரியில் முதல் வேலை பச்சைத் தோலை ஊறப் போடுவது. உப்புக் கட்டி வந்த தோல் பலகைபோல விறைத்திருக்கும். உதறினால் உப்புப் பொடி கொட்டும். தொட்டித் தண்ணீரில் கிடக்கும்போது உப்பும் இரத்தமும் அழுக்கும் வெளியே வருகின்றன, வறண்ட நாருக்குள் நீர் போகிறது. மறுநாள் அந்தத் தோலை மடித்தால் மடியும், உயிருள்ள தோலின் நெகிழ்ச்சி திரும்பியிருக்கும். ஊறு என்ற வினையின் இரண்டு திசைகளும் ஒரே தொட்டியில், ஒரே இரவில் நடக்கின்றன. அடுத்து சுண்ணாம்புக் குழி. அதில் மயிர் தளரும். அதன் பிறகு பழைய முறையில் ஆவாரம்பட்டை ஊறிய நீரில் வாரக்கணக்கில் கிடக்கும். கடைசியில் கடுக்காய் நீர்.

அந்தப் பட்டைத் தண்ணீர் வெறும் சாயத் தண்ணீர் போலத் தோன்றினாலும் அதற்குள் உயிர் உண்டு. பட்டையிலும் கடுக்காயிலும் உள்ள சர்க்கரையை ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் உண்டு அமிலம் ஆக்குகின்றன. நாள் ஆக ஆகத் தொட்டி புளிக்கும். அந்தப் புளிப்பு தோலில் தங்கிய சுண்ணாம்பைத் தணிக்கிறது, நாரை உப்ப வைக்கிறது, பட்டையின் துவர்ப்பொருளான டானின் உள்ளே இறங்க வழி செய்கிறது. புதுப் பட்டை நீரைவிடப் பழகிய நீருக்கு மதிப்பு ஏன் என்று முன்னோர் வேதியியல் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை; மூக்கே சொல்லிக்கொடுத்தது.

இங்கேதான் தோலும் மதுவும் கைகோக்கின்றன. தமிழ் அகராதிகளில் பட்டைச்சாராயம் என்று ஒரு சொல் இருக்கிறது. வெல்லக் கரைசலோடு வெள்வேலம்பட்டையை ஊறப் போட்டு வடித்த சாராயம். ஆவாரைக்கு ஆங்கிலத்தில் 'டேனர்ஸ் காசியா', தோல் பதனிடுவோரின் கொன்றை என்று பெயர். வெள்வேலுக்கு 'டிஸ்டிலர்ஸ் அகேசியா', சாராயம் காய்ச்சுவோரின் வேல் என்று பெயர். தொழிலால் பெயர் பெற்ற இரண்டு பட்டைகள், இரண்டும் இந்த வட்டாரத்தின் காய்ந்த காடுகளிலும் மேட்டு நிலங்களிலும் விளைபவை. இரண்டும் செய்வதும் ஒரே வேலை. டானின் புரதத்தைப் பற்றிக்கொள்ளும். தோலில் அது கொலாஜன் என்ற புரத நாரைப் பற்றி அழுகாமல் கட்டுகிறது. பச்சைத் தோல் பதப்பட்ட தோல் ஆகிறது. ஊறலில் அது கரைந்து மிதக்கும் புரதங்களைப் பற்றி அடியில் படிய வைக்கிறது, கலங்கல் தெளிகிறது. வெள்வேலம்பட்டை எதற்கு என்று கேட்டால் போதைக்காக என்று சொல்வார்கள். போதை வெல்லத்தைத் தின்னும் ஈஸ்ட் கொடுத்தது. பட்டை கொடுத்தது துவர்ப்பும் தெளிவும். கசப்புக்கும் காப்புக்கும் பீரில் ஹாப்ஸ் என்ற கொடிப்பூவைச் சேர்ப்பவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே புரியும்.

பதம் என்ற சொல்லையும் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். நிலம் நிலன் ஆவதுபோல் பதம் பதன் ஆகும்; அதனால் பதனிடு. பனையிலிருந்து இறக்கும் பதநீரிலும் அதே பதம். பானையின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் சாற்றின் காரத்தன்மை கூடி ஈஸ்ட் அடங்கிக் கிடக்கும், இறக்கும்போது பதநீர். தடவாவிட்டால் பாளையிலும் பழைய பானையிலும் ஒட்டியிருக்கும் ஈஸ்ட் காலைக்குள் வேலையை முடித்துவிடும், இறக்கும்போது கள். குழியில் மயிர் தளர்த்தும் அதே சுண்ணாம்பு மரத்தின் உச்சியில் காவல் இருக்கிறது.

இனி, ஊறல் போலீஸ் செய்தியான கதை. சேலத்தில் 1937-இல் இராஜாஜி தொடங்கிய மதுவிலக்கு 1939-இல் வட ஆற்காட்டுக்கும் வந்தது. அதற்கு வழிசெய்த 1937-ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தங்களோடு இன்றும் நடப்பில் இருக்கிறது. உரிமம் இல்லாமல் வீட்டில் பீர் காய்ச்சுவதும் தமிழ்நாட்டில் குற்றம். ஆயத்தீர்வை அதிகாரிகளின் ஆங்கிலத்தில், காய்ச்சுவதற்கு முன் புளித்து நிற்கும் கரைசலுக்கு 'வாஷ்' என்று பெயர். கழுவுதல் என்று மொழிபெயர்த்தால் என்ன ஆகும்? யாரும் மொழிபெயர்க்கவில்லை. மலையடிவாரத்தில் 'ஊறல் போட்டிருக்கான்' என்று மக்கள் சொன்னதையே காவல்துறையும் பத்திரிகையும் எடுத்துக்கொண்டன. குழு அமைத்து உருவாக்கும் கலைச்சொற்கள் எத்தனையோ புழங்காமல் போக, இது தானாக நிலைத்தது. திருவூறலில் நீர் வந்துகொண்டிருக்கும் இடத்தின் பெயர். தொட்டியில் நீரோடு கிடக்கும் நிலையின் பெயர். பேரலில் அப்படிக் கிடந்து மாறிய பொருளின் பெயர். இடத்திலிருந்து நிலைக்கும் நிலையிலிருந்து பொருளுக்கும் சொல் நகர்ந்திருக்கிறது. ஆனால் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் என்ற பெயரில் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது ஊறல் இல்லை, மெத்தனால் என்ற தொழிற்சாலைப் பொருள். இரண்டையும் ஒரே மூச்சில் கள்ளச்சாராயம் என்று எழுதுவதால் நஞ்சு எங்கிருந்து வந்தது என்பது வாசகருக்கு மறைந்துபோகிறது.

இனிப் பழைய ஏட்டுக்குப் போகலாம். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன் மேல் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், வலைஞர் வீட்டில் மது செய்யும் முறை படிப்படியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. பத்துப்பாட்டில் இத்தனை துல்லியமான சமையற்குறிப்பு அரிது. தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவிக் கூழாக்குகிறார்கள். வாயகன்ற தட்டில் கொட்டி ஆற்றுகிறார்கள். நல்லடை என்ற ஒன்றைக் கலக்கிறார்கள். இரண்டு பகல், இரண்டு இரவு விடுகிறார்கள். வலுவான வாயுள்ள சாடியில் அது விளைகிறது. பிறகு வெந்நீர் சேர்த்து விரலால் அலைத்துப் பிழிந்து அரிக்கிறார்கள். இன்று வீட்டில் பீர் செய்யும் எவரும் இந்த வரிசையை உடனே அடையாளம் கண்டுகொள்வார். களியை ஆற்றுவதுகூட வீண்வேலை இல்லை: சூட்டோடு கலந்தால் உயிர்ப்பொருள் செத்துவிடும்.

நல்லடை என்பது என்ன? முளையை இடித்துச் செய்தது என்பது உரைகாரர் கருத்து. நெல் முளைக்கும்போது மாவைச் சர்க்கரையாக்கும் நொதி அதில் பெருகும். பார்லியை ஊறவைத்து முளைகட்டி மால்ட் செய்வதும் இதற்காகத்தான். ஆனால் புலவர் அந்த அடையின் புறத்தைப் பாம்புப் புற்றுக்குள் இருக்கும் குரும்பிக்கு ஒப்பிடுகிறார். குரும்பி என்றால் புற்றாஞ்சோறு. கறையான் புற்றை வெட்டியவர்கள் அறிவார்கள், புற்றாஞ்சோறு பஞ்சுபோல் துளைதுளையாக, மேலே வெள்ளைப் பூஞ்சை மணிகள் அரும்பிய ஒன்று. அடையின் புறத்துக்குப் பூ என்ற அடைமொழியும் வருகிறது. பூத்தல் என்பது பூஞ்சை படர்வதற்கும் நாம் சொல்வதுதான். ஆகவே நல்லடை வெறும் முளைமாவாக இருந்திராது, பூஞ்சையும் ஈஸ்ட்டும் குடியேறிய உறைக்கட்டியாக இருந்திருக்கும் என்பது என் துணிபு. மணிப்பூரின் ஹமேயும் சிக்கிமின் மார்ச்சாவும் இன்றும் அப்படிப்பட்ட அடைகள்தாம். அரிசிமாவைத் தட்டி, வைக்கோலிலோ இலையிலோ வைத்துப் பூக்கவிட்டு, காயவைத்து எடுத்துவைப்பார்கள்.

அதே பாட்டில் இன்னொரு பெயரும் வருகிறது, தோப்பி. பகைவரின் ஆநிரையைக் கவர்ந்து வந்த மறவர், வீட்டில் காய்ச்சிய தோப்பியைக் குடிக்கிறார்கள். நெல்லால் ஆன கள் என்பது உரை. கடையில் வாங்கும் நறவு வேறு, இல்லத்தில் அட்ட தோப்பி வேறு என்று புலவர் பிரித்தே சொல்கிறார். அகநானூறு நடுகல்லுக்குத் தோப்பிக் கள்ளைப் படைப்பதைச் சொல்கிறது. ஆம்பூரில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டு நடுகற்கள் இரண்டும் பல்லவன் நிருபதுங்கனின் 26-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தவை. நுளம்பன் படை மாடு கவர வந்தபோது எதிர்த்து நின்று விழுந்த வீரர்களுக்கு எடுத்தவை. இந்த மண்ணில் ஆநிரையும் தோலும் கள்ளும் பழைய அண்டைவீட்டார்கள்.

பழந்தமிழின் மதுப்பெயர்களை அடுக்கிப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. பிழி, பிழிந்தது. அரியல், அரித்தது. தேறல், தெளிந்தது. நறவில் மணம் இருக்கிறது. அடுதல் என்ற வினை சமைப்பதற்கும் மது செய்வதற்கும் பொது. இவ்வளவு பெயர்கள் இருந்தும் ஈஸ்ட்டுக்கு மட்டும் ஒரு பெயர் இல்லை. கண்ணுக்குத் தெரியாததற்குப் பெயர் வைக்காமல், அது செய்யும் வேலைக்கு வினை வைத்தார்கள்: ஊறு, பொங்கு, நுரை, புளி, விளை, தேறு. இதை நம் மொழியின் குறை என்று சொல்பவர்கள் உண்டு. பிற மொழிகளின் கதையும் இதுதான். 1516-இல் பவேரியா போட்ட புகழ்பெற்ற பீர்ச் சட்டம் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் என்ற மூன்றையே அனுமதித்தது. ஈஸ்ட்டைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஈஸ்ட் என்ற சொல்லின் வேருக்குக் கொதித்தல், நுரைத்தல் என்பதே பொருள். வடமொழியில் கொதிப்பதைச் சொல்லும் யஸ் என்ற வினையும் அதன் உறவு. அவர்களும் பொங்குவதைத்தான் கண்டார்கள். பாஸ்டர் பீர் பற்றிய நூலை வெளியிட்டது 1876-இல். கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆலையில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒரே செல்லிலிருந்து தூய ஈஸ்ட்டை வளர்த்தெடுத்தது 1883-இல். இன்ன ஈஸ்ட் வேண்டும் என்று தேர்ந்தெடுப்பது அதன் பிறகுதான் சாத்தியமாயிற்று.

தமிழ்நாட்டுப் பாடநூல் ஈஸ்ட் என்றே எழுதுகிறது. நிகழ்வுக்கு நொதித்தல் என்கிறது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல் மதுவம் என்கிறது. மதுவம் அழகான சொல், ஆனால் ரொட்டிக்கும் அதே உயிர்தான் வேண்டும் என்பதை அது மறைத்துவிடுகிறது. வீட்டில் இதற்கு ஒரு சொல் இருக்கவே இருக்கிறது: உறை. ஊருக்கு ஊர் பிரை, புரை என்றும் வழங்கும். நேற்றைய தயிரில் ஒரு கரண்டி இன்றைய பாலுக்கு உறை. பழைய ஊறலின் அடிமண்டியில் ஒரு பங்கு புது ஊறலுக்கு உறை. ஆங்கிலத்தில் ஸ்டார்ட்டர் என்பதற்கு இதைவிடப் பொருந்தும் சொல் கிடைக்காது.

எந்த உறை என்பது ஊரின் வெயிலைப் பொறுத்தது. ஐரோப்பியரின் பீர் வகைகளில் லாகர் ஈஸ்ட்டுக்கு 8 முதல் 13 டிகிரி வேண்டும். ஏல் ஈஸ்ட்டுக்கு 18 முதல் 22. வேலூரில் மே மாதம் 40-ஐத் தாண்டும். அந்தச் சூட்டில் ஏல் ஈஸ்ட்டை விட்டால் வார்னிஷ் போன்ற காட்டமான வாடையை உண்டாக்கும். நார்வேப் பண்ணைவீடுகள் தலைமுறையாகக் காய்ந்த வளையங்களில் பாதுகாத்துவந்த க்வைக் என்ற ஈஸ்ட் 35, 40 டிகிரியிலும் சுத்தமாக வேலை செய்யும், வேகமாகவும் முடிக்கும். குளிர்நாட்டில் பிறந்த அது வெயில்நாட்டுக்குப் பொருந்துகிறது. சட்டம் இடம் கொடுக்கும் நாடுகளில் வீட்டில் பீர் செய்யும் தமிழர்கள் கோடையில் இதைத்தான் நாட வேண்டும். பெரும்பாணாற்றுப்படை இரண்டு பகல், இரண்டு இரவு என்று குறுகிய கெடு வைத்ததும் இந்த வெப்பத்தைக் கணக்கில் கொண்டுதான் என்று நினைக்கிறேன். தொண்டைநாட்டுச் சூட்டில் அதற்குமேல் விட்டால் மது காடியாகும்.

பாலாற்றின் ஊறலுக்கு நேர்ந்ததையும் சொல்லாமல் விட முடியாது. தோலை ஊறவைத்த தண்ணீரில்தான் உப்பு மிகுதி. குரோம் பதனிடல் பரவி, ஆலைகள் பெருகி, கழிவு மணலுக்குள் இறங்கியது. ஊறும் நீர் உப்புக் கரித்தது. வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் ஆலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பாழ்பட்டது என்ற மதிப்பீட்டை அது எடுத்துக்காட்டியது. மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றியது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் பாலாற்றுக்காக மீண்டும் பேச வேண்டியிருந்தது. இத்தனை ஆண்டு இடைவெளி எனக்கு ஆறாத வருத்தம். உள்ளே போவதும் வெளியே வருவதும் ஒரே வினை என்று காட்டிய மொழியைப் பேசுபவர்கள் நாம். மணலில் ஊற விட்டதே கிணற்றில் ஊறி வரும்.

பழைய செய்முறையில் இன்னும் ஒரு சொல் இருக்கிறது: வழைச்சு. சாடிக்குள் இருப்பது வழைச்சு நீங்க விளைய வேண்டும் என்கிறார் உருத்திரங்கண்ணனார். வழைச்சு என்றால் இளமை, முற்றாமை. புதிதாகப் பொங்கி முடிந்த பீரில் பச்சை ஆப்பிள் போன்ற ஒரு வாடை இருக்கும். அசிட்டால்டிஹைடு என்ற பொருளால் வருவது. ஈஸ்ட்டோடு இன்னும் சில நாள் விட்டால் ஈஸ்ட்டே அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். அவசரப்பட்டுப் பாட்டிலில் அடைத்தால் அந்த வாடை தங்கிவிடும். ஆங்கிலக் கைநூல்கள் இந்த நிலைக்குப் 'பச்சை பீர்' என்று பெயர் சொல்கின்றன. நம் அகராதியில் தூங்கும் வழைச்சு அதைவிடக் கூர்மையானது; பீருக்கு மட்டுமன்றி, பட்டைத் தொட்டியிலிருந்து முன்கூட்டி எடுத்த தோலுக்கும், ஒரு வாரம் முன்பே திறந்த மாவடு ஜாடிக்கும் பொருந்தும். கலைச்சொல் தொகுப்போர் இதை எடுத்துக்கொள்ள வேண்டும். ஊறலைப் போலவே இதுவும் புழக்கத்துக்கு வந்துவிடும்.